போன் மாற்றுகிறீர்களா? முதலில் கணக்கைக் கவனியுங்கள்

வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்து தந்த ஐபோன். அல்லது ஐபோனுக்குத் தவணை கட்டி அலுத்துப்போய் வாங்கிய சாம்சங். எந்தப் பக்கம் மாறினாலும் முதல் வாரத்தில் கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: நம்பரெல்லாம் போச்சு, போட்டோ எதுவும் காணோம், வாட்ஸாப்பில் பழசு ஒன்றுகூட இல்லை. உண்மையில் அந்த நிமிடம் வரை பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. எல்லாம் பழைய நிறுவனத்தின் கிடங்கில் பத்திரமாக இருக்கும். பதற்றத்தில் அடுத்து செய்கிற காரியங்களால்தான் நிஜமாகவே போகிறது. பழைய போனை அவசரமாக விற்பது, கண்ட நம்பரைத் தேடிப் பிடித்து உதவி கேட்பது, கேட்கிற பெட்டியிலெல்லாம் ‘ஓகே’ அழுத்துவது.

ஒரு நிறுவனத்தின் போனில் போட்டி நிறுவனத்தின் சேவை ஓடுவதை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஐபோனில் ஜிமெயில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டில் ஆப்பிள் மியூசிக் பாடுகிறது. ஆனால் இது இரு நிறுவனங்களும் நமக்குத் தரும் சலுகை. சண்டை வந்தால் சலுகை நிற்கும். 2012இல் ஐஓஎஸ் 6 வந்தபோது கூகுள் மேப்பை எடுத்துவிட்டுத் தன் சொந்த வரைபடத்தை வைத்தது ஆப்பிள். வழி தவறியவர்கள் பயனர்கள். மறு ஆண்டு விண்டோஸ் போனுக்கு மைக்ரோசாஃப்ட் செய்த யூடியூப் செயலியைக் கூகுள் முடக்கியது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த அபராதத்தால் உங்கள் போட்டோ உங்களுக்குக் கிடைத்துவிடாது. அதை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

போன் வாங்கியதும் கடைப்பையனே ஒரு ஜிமெயில் உருவாக்கித் தருவான். பாஸ்வேர்டு அவன் வைத்தது. மீட்பு எண்ணாக எதையோ போட்டிருப்பான், சில இடங்களில் கடை நம்பரையே. ஐந்தாறு வருடம் அந்தக் கணக்கில் பேரன் பிறந்த படம் முதல் பத்திர நகல் வரை சேர்ந்துவிடுகிறது. பிறகு ஐபோனில் அதே ஜிமெயிலைச் சேர்க்கப்போனால் பாஸ்வேர்டு கேட்கும். யாருக்குத் தெரியும்? வீடு உங்கள் பெயரில், சாவி புரோக்கரிடம் என்ற கதை இது. ஆகவே புதிய போனின் பெட்டியைத் திறப்பதற்கு முன், பழைய போன் இன்னும் லாகினில் இருக்கும்போதே, செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்பதைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் ‘பேக்கப் கோட்’ என்று பத்து எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். போனிலேயே படமெடுத்து வைத்தால் போன் போகும்போது அதுவும் சேர்ந்து போகும்.

மீட்பு எண் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அதன் பிறகு உங்கள் கணக்கின் ஓடிபி அவர் கைக்குப் போகும்.

ஆப்பிள் பக்கத்தில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். துபாயில் இருக்கும் மகனின் ஆப்பிள் கணக்கிலேயே அம்மாவின் ஐபோனையும் ஓட்டுவார்கள். அம்மா ஒரு எண்ணை அழித்தால் மகன் போனிலும் அழியும். மகனின் படங்களெல்லாம் அம்மா போனில் கொட்டும். ஓடிபி துபாய்க்குப் போகும். ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதில் சமரசமே கூடாது. வாங்கிய சேமிப்பிடத்தைப் பகிர வேண்டுமானால் ‘ஃபேமிலி ஷேரிங்’ இருக்கிறது. ஆறு பேர் வரை சேரலாம். நம்பகமான எண்ணாக இரண்டு எண்களைக் கொடுத்து வையுங்கள், ஒன்று வீட்டில் இன்னொருவருடையதாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்குப் போன பிறகு ஆப்பிளின் கிடங்கான ஐகிளவுடைத் திறக்க செயலி கிடையாது, பிரவுசர்தான். சரிபார்ப்பு எண் வந்து சேர ஐபோனும் கையில் இல்லை, பழைய எண்ணும் இல்லை என்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

தொடர்பு எண்கள் ‘போய்விட்டன’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒரு சின்ன பொத்தான். ஐபோனில் ஜிமெயில் செயலியை மட்டும் இறக்கினால் எண்கள் வராது. செட்டிங்ஸுக்குள் போய்க் கூகுள் கணக்கைச் சேர்த்து, அதில் ‘கான்டாக்ட்ஸ்’ பொத்தானைப் போட வேண்டும். அதோடு ‘டீஃபால்ட் அக்கவுன்ட்’ எது என்று பாருங்கள். அது ஐகிளவுடாக இருந்தால் இனிமேல் சேமிக்கிற எண்ணெல்லாம் அங்கே போகும், நாளை ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினால் பாதி எண் இருக்கும், பாதி இருக்காது. பழைய போனில் சிம்மிலோ போன் நினைவகத்திலோ மட்டும் சேமித்த எண்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவற்றை முதலில் கணக்குக்கு மாற்றுங்கள்.

இனி போட்டோ. இங்கேதான் அதிகம் பேர் அழுகிறார்கள்.

ஐபோனில் கூகுள் போட்டோஸ் வைத்திருக்கிறீர்கள். ஐகிளவுட் போட்டோஸும் ஓடுகிறது. இரண்டு இடத்தில் இருக்கிறதே, ஒன்றில் அழிப்போம் என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழிக்கிறீர்கள். போன் ஒரு பெட்டி காட்டி அனுமதி கேட்கிறது. படிக்காமல் ‘டெலீட்’ தட்டினால் கூகுளிலும் போகும், போனிலும் போகும், ஐகிளவுடிலும் போகும். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற பொத்தானும் இப்படித்தான். போனில் மட்டும் இடம் காலியாகும் என்று நினைத்து அழுத்துகிறார்கள், ஐகிளவுடிலிருந்த பிரதியும் போய்விடுகிறது. கூகுளில் இருப்பது மட்டும் மிஞ்சும். இந்த இரண்டு பொத்தான்களைத் தொடுமுன் எழுதியிருப்பதைப் படியுங்கள். தவறி அழித்திருந்தால், ஐபோனில் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ ஆல்பத்தில் 30 நாள் வரை இருக்கும். கூகுளில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அந்தக் கெடு தாண்டிய பிறகு, எந்த ‘ரெக்கவரி’ கடைக்காரரும் ஐகிளவுடிலிருந்து எடுத்துத் தர முடியாது. முடியும் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மொத்தமாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாற்ற அதிகாரபூர்வமான வழியே இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை, நிறுவனங்களும் உரக்கச் சொல்வதில்லை. ப்ரைவசி டாட் ஆப்பிள் டாட் காம் தளத்தில் நுழைந்தால், ஐகிளவுட் படங்களின் பிரதியைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பக் கேட்கலாம். மூன்று முதல் ஏழு நாள் ஆகும், அசல் அங்கேயே இருக்கும். எதிர்த்திசையில், கூகுளின் ‘டேக்அவுட்’ பக்கத்திலிருந்து ஐகிளவுடுக்கு அனுப்பும் வசதி 2024இல் வந்தது. போகிற இடத்தில் இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஆப்பிள் தருவது வெறும் 5 ஜிபி.

வாட்ஸாப் விஷயத்தில் ஒரே விதி: புதிய போனில் அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். ஆண்ட்ராய்டின் பேக்கப் கூகுள் டிரைவில், ஐபோனின் பேக்கப் ஐகிளவுடில். ஒன்றை மற்றொன்றில் மீட்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போக, பழைய போனில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியை இறக்கி, ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே தரவு மாற்றத்தைத் தேர்ந்து, பட்டியலில் வாட்ஸாப்பையும் தொட வேண்டும். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும்; அதே தொலைபேசி எண் வேண்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் கேபிள் வழி. ஏற்கெனவே புதிய போனை அமைத்துவிட்டீர்களா? பழைய போனில் உரையாடல்கள் அழியாமல் இருந்தால், புதியதை ரீசெட் செய்து மறுபடி தொடங்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பழைய போனை விற்காதீர்கள். திரை விரிசல் விட்ட போனாக இருந்தாலும் எல்லாம் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை வீட்டில் இருக்கட்டும். குறுக்குவழி என்று ‘ஜிபி வாட்ஸாப்’ போன்ற போலிகளை இறக்கினால் எண்ணே தடைசெய்யப்படலாம்.

மாதாமாதம் கழிகிற பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐபோன் செயலிக்குள் எடுத்த சந்தாவுக்கு ஆப்பிள் பணம் எடுக்கும், ஆண்ட்ராய்டில் எடுத்ததற்குக் கூகுள் பிளே எடுக்கும். செயலியை அழித்தாலும், போனையே மாற்றினாலும் சந்தா நிற்காது. போன் இல்லாவிட்டாலும் பிரவுசரில் அந்தந்தக் கணக்கின் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ரத்து செய்யலாம். யூபிஐ வழியாக ஓடுகிறதென்றால் உங்கள் யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியிலும் பாருங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம். இன்னொன்று, யூடியூப் பிரீமியத்தை ஐபோன் செயலிக்குள் எடுத்தால் பிரவுசரில் எடுப்பதைவிட விலை அதிகம்.

பழைய போனைக் கைமாற்றும்போது ஐபோனில் ஆப்பிள் கணக்கிலிருந்து ‘சைன் அவுட்’ ஆகுங்கள், தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ அணைந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்கிய பிறகு ரீசெட் செய்யுங்கள். வாங்கியவர் பூட்டிய போனோடு திரும்பி வந்து நிற்பது இதைச் செய்யாததால்தான். போன் திருடுபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், வாய்வார்த்தையாக ‘பார்க்கிறோம்’ என்றால் நகராதீர்கள். அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் எடுங்கள். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, பயப்பட வேண்டாம். பிறகு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் புகார் நகலோடு ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். அந்த எண் போன் வாங்கிய பில்லிலும் பெட்டியிலும் இருக்கும்.

கணக்கே பூட்டிக்கொண்டால்? கூகுளின் மீட்புப் பக்கத்தில் முயல்வதானால் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய போனிலிருந்தும் அதே வீட்டு வைஃபையிலிருந்தும் முயலுங்கள். தெரியாத இடத்திலிருந்து முயன்றால் சந்தேகப்படும். ஆப்பிளில் மீட்பு கோரினால் பல நாள் காத்திருக்கச் சொல்லும். காத்திருங்கள். இந்த நேரத்தில் இணையத்தில் ‘ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடாதீர்கள். இலவச ஜிமெயிலுக்கு அப்படிப் பேசித் தீர்க்கும் தொலைபேசி எண் கிடையாது. தேடினால் வருகிற எண்கள் மோசடிக்காரர்களுடையவை. எடுத்ததும் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், உங்கள் திரை அவர்களுக்குத் தெரியும், வங்கிக் கணக்கு காலியாகும். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வழக்கமான மீட்பு பலிக்காதபோதுதான் எழுத்து வேலை. தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். எங்கோ அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். கணக்கின் முகவரி, பூட்டிய தேதி, திரையில் வந்த வாசகம் அப்படியே, ஸ்கிரீன்ஷாட், என்ன முயன்றீர்கள், என்ன வேண்டும் என்று ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுதாதீர்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்பது 2021இல் விதி வந்தபோது வைத்த கெடு. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஜிஏசி டாட் கவ் டாட் இன் தளத்தில் போகலாம். முழுக்க இணையவழி, வக்கீல் வேண்டாம்.

சேமிப்பிடத்துக்கு மாதம் 75 ரூபாயோ 130 ரூபாயோ கட்டியிருந்தால் நீங்கள் காசு கொடுத்த நுகர்வோர். அந்த ரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், வழக்கின் அடித்தளமே அதுதான். காசு கொடுக்காத இலவசக் கணக்குக்காரரின் வாதம் அவ்வளவு பலமாக நிற்காது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அங்கும் நகரவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக மனு போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று யாராவது சொன்னால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் தானாகவே உங்களைக் கூப்பிட்டு, கூகுளிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்பார். சொல்லாதீர்கள். உங்கள் ஓடிபியைக் கேட்டுக் கூகுளும் கூப்பிடாது, ஆப்பிளும் கூப்பிடாது.