வெள்ளக் கணக்கில் நேரும் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் விதமும்

ஆற்றில் இத்தனை கன அடி ஜலம் வந்தால் எந்தெந்தக் கிராமம் முழுகும், எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதை முன்கூட்டியே கம்ப்யூட்டரைக் கொண்டு கணக்கிட்டு, படமாக வரைந்து காட்டும் முறை இப்போது பரவலாக வழக்கத்திலிருக்கிறது. அப்படத்தில் நீல வர்ணம் விழுந்த நிலத்தில் மனை எழுப்ப அனுமதி கிடைப்பது கஷ்டமாகலாம். நீலம் விழாத கிராமத்திற்கு எச்சரிக்கை தாமதித்து வரலாம். கரையை எவ்வளவு உயர்த்துவது, பாலத்திற்கு எத்தனை கண் வைப்பது என்பனவும் இக்கணக்கைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகையால் இது எங்கெங்கே பிசகக்கூடும் என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வகைக் கணக்குகளில் பிரசித்தமானது ‘ஹெக்-ராஸ்’ என்பதாகும். கலிபோர்னியாவில் டேவிஸ் நகரிலுள்ள அமெரிக்க ராணுவ இஞ்சினீயர் படையின் நீரியல் நிலையத்தார் இதை 1995-ல் முதன்முதல் வெளியிட்டனர். விலையின்றிக் கிடைப்பதால் உலகில் பல தேசத்தாரும் இதை உபயோகிக்கின்றனர். 1871-ல் ஸேன் வெனான் என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்த சமன்பாடுகளும், 1889-ல் மானிங் என்ற ஐரிஷ் இஞ்சினீயர் முன்வைத்த உராய்வுச் சூத்திரமுமே இதற்கு ஆதாரம். தரையின் உயரம், ஆற்றின் கரடுமுரடு, மேலிருந்து வரும் ஜலம், கீழே நிற்கும் மட்டம் ஆகிய நான்கையும் நாம் கொடுக்க, மற்றதை அது கணக்கிடும். கொடுத்தது தவறானால் விடையும் தவறாகும்.

பிழை இரண்டு விதம். கணக்கு நடுவில் நின்றுவிடுவது ஒன்று. தடையின்றி ஓடி முடிந்து பொய்யான விடை தருவது மற்றொன்று. முன்னது இஞ்சினீயருக்குத் தொந்தரவு. பின்னதே ஊருக்கு ஆபத்து.

கணக்கு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கால இடைவெளியே காரணம். நிலத்தை நூறு அடிச் சதுரங்களாகப் பிரித்திருக்கையில் ஜலம் வினாடிக்குப் பத்து அடி ஓடினால், ஒரு சதுரத்தைக் கடக்கப் பத்து வினாடி ஆகும். கணக்கிடுவோர் ஒரு நிமிஷத்திற்கு ஒரு முறை மட்டும் கணக்கெடுத்தால், ஜலம் ஆறு சதுரங்களை ஒரே தாவலில் தாண்டியதாகி, மட்டம் மேலும் கீழும் தாறுமாறாக ஆடும். இடைவெளியைக் குறைப்பதே பரிகாரம். வறண்டு கிடக்கும் ஆற்றிலும் சில வகைக் கணக்குகள் தொடங்கமாட்டா; அவற்றில் முதலில் சிறிதளவு ஜலம் ஓடுவதாகக் கற்பித்துக்கொண்டே தொடங்குவர். முடிவில் வந்த ஜலமும் சென்ற ஜலமும் தேங்கிய ஜலமும் ஒத்திருக்கின்றனவா என்று இந்நிரலே காட்டும். அவ்வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் விடையைச் சந்தேகிக்க வேண்டும்.

பொய்யான விடைக்கு நம் டெல்டாவே நல்ல உதாரணம். இங்கே பல ஆறுகளும் வாய்க்கால்களும் வயல்களைவிட மேட்டில் ஓடுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஆற்றின் குறுக்கே எடுத்த வெட்டுமுகத்தை அப்படியே கொடுத்தால், நிரலானது எது பள்ளமோ அதையே முதலில் நிரப்பும். ஆற்றில் முழங்கால் ஆழம் ஓடும்போதே கரைக்கு வெளியேயுள்ள வயல் முழுகியதாகக் காட்டும்! கரையைக் கரை என்று தனியே குறித்துக் கொடுத்தாலன்றி அதற்கு அது தெரியாது. உயரத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தோ விண்கலத்திலிருந்து எடுத்த படத்திலிருந்தோ எடுத்தால் சங்கடம் இன்னும் அதிகம். 2000-ம் ஆண்டில் ராடாரால் எடுத்த உயரப்படத்தில் முப்பது மீட்டர்ச் சதுரத்திற்கு ஓர் உயரமே கிடைக்கிறது. நான்கடி அகலமுள்ள கரை அதில் கரைந்துபோகும். அடர்ந்த தென்னந்தோப்போ மேடாகத் தோன்றும். இதற்கு நேர்மாறாக, மதகும் குழாயும் உள்ள சாலை மேடு அடைத்த அணையாகத் தோன்றி, ஜலத்தை ஒரு பக்கமே நிறுத்திவிடும். இவ்விரண்டையும் நேரில் சென்று அளந்து பதித்தாலன்றி வழியில்லை.

இன்னொன்று, பலரும் கவனியாமல் விடுவது. வெட்டுமுகத்தின் இரு முனைகளுக்கும் மேலே வெள்ளம் ஏறினால், நிரலானது அம்முனைகளில் செங்குத்தான சுவர் இருப்பதாகப் பாவித்து மேலே கணக்கிடும். இதை எச்சரிக்கையாகவும் எழுதிவைக்கும். அதை வாசியாதவர் வரையும் படத்தில் ஆற்று மட்டம் உள்ளதினும் அதிகமாகவும், அப்பாலுள்ள நிலம் உலர்ந்ததாகவும் காணும். வெட்டுமுகத்தை மேட்டு நிலம் வரை நீட்டியே ஆகவேண்டும்.

கரடுமுரட்டின் அளவையும் நூலில் பார்த்து எழுதினால் போதாது. சுத்தமான நேரான ஆற்றுக்கு 0.030 என்று வைப்பது சாதாரண வழக்கம். சீமைக் கருவேலும் நாணலும் மண்டிய படுகையில் அது இரட்டிக்கலாம். அகலமான ஆற்றில் இவ்வளவு இரட்டித்தால், அதே ஜலம் ஓடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆழம் தேவைப்படும். பத்தடி வெள்ளம் பதினைந்தடியாகும். படுகையில் எங்கே எவ்வளவு புதர் உண்டென்பது நகரத்து அலுவலகத்தைவிடக் கரையோரக் குடியானவருக்கே நன்கு தெரியும்.

கட்டடங்கள் நிலைத்தே நிற்கும் என்பதும் ஓர் அநுமானமே. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. கதவு திறக்கும் விதத்தை நாம் எழுதியபடியே நிரல் கணக்கிடுமேயன்றி, கதவே போய்விடுமென்று தானாக நினையாது.

இப்பிழைகளை வெளிப்படுத்தப் பழைய வெள்ளக் குறிகளைவிடச் சிறந்த சாட்சி இல்லை. வெள்ளம் வடிந்த அன்றே பள்ளிக்கூடம், கோயில், மதகு ஆகியவற்றின் சுவரில் ஜலம் நின்ற கோட்டை வர்ணத்தால் குறித்து, தேதியும் மணியும் எழுதிவைத்தல் வேண்டும். பிரவாகத்தை எதிர்த்து நிற்கும் வெளிச்சுவரில் அலை மோதி ஏறியிருக்குமாதலால், கட்டடத்தின் உட்சுவரில் காணும் கோடே நம்பத்தக்கது. பிறகு அக்கோட்டின் உயரத்தை அருகிலுள்ள மட்டக்கல்லிலிருந்து அளந்துகொள்ளலாம். ஆற்றோரம் நெடுகக் கணக்கு மட்டம் குறியைவிட ஒரே அளவு உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், கரடுமுரட்டிலோ வந்த ஜலத்தின் அளவிலோ பிழை என்று கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் ஒத்துவராவிடில், அங்கே விட்டுப்போன கரையையோ அடைபட்ட பாலக்கண்ணையோ தேடவேண்டும். சிலர் இத்தேடலுக்குச் சோம்பி, அவ்விடத்துக் கரடுமுரட்டை மட்டும் ஏற்றியிறக்கிக் கணக்கைக் குறியோடு பொருத்திவிடுகின்றனர். அந்த ஒரு வெள்ளத்திற்கு அது ஒத்துவரும், அடுத்த வெள்ளத்திற்கு ஒத்துவராது. கிராமத்திற்குப் படம் வரும்போது, எந்த ஆண்டின் எந்தக் குறியோடு அது ஒப்பிடப்பட்டது என்பதையும், நிரல் எழுதிவைத்த எச்சரிக்கைகளின் பட்டியலையும் கிராம அதிகாரிகள் கேட்டு வாங்கிக்கொள்வது தகும்.