கடைக்கு அதிகாரி வந்தால் பயம் எதற்கு? பில்லை எடுத்துக் காட்டுங்கள்!



1989-ல் ஐஃபாட் நிதி உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று சிறுசேமிப்பில் ஆரம்பித்த நம் பெண்கள் இன்று குழுக்கடன் வாங்கி பெட்டிக்கடை, மளிகைக்கடை, இட்லிக்கடை நடத்துகிறார்கள். பெருமையான விஷயம். ஆனால் "புட் ஆபீசர் வர்றாராம்" என்று யாராவது சொன்னால் போதும், பலர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். இந்தப் பயம் தேவையா?

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். குழுக்கடனில் மளிகைக்கடை வைத்தவர். வாராவாரம் வண்டியில் வரும் ஒரு வியாபாரியிடம் மிளகாய்த்தூள் பாக்கெட் வாங்கிப் போட்டிருந்தார். பாக்கெட்டில் முகவரியும் இல்லை, தேதியும் இல்லை. அதிகாரி கேட்டபோது, "சார், இது நான் அரைச்சது இல்லீங்க, வண்டிக்காரர் போட்டுட்டுப் போனது" என்றார். "அவர் யாரும்மா? பில் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். பெயரும் தெரியவில்லை, பில்லும் இல்லை. அந்த வியாபாரி அதன்பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் இந்த அக்கா ஒருவர்தான். "மேடம், கடையை மூடிட்டா லோனை எப்படிக் கட்டுவேன்?" என்று என்னிடம் அழுதார்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவு பாதுகாப்புச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. காலாவதியான பொருளை விற்றாலும், சுத்தமில்லாத இடத்தில் வைத்திருந்தாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் கடைக்காரரே பொறுப்பு. அதே சட்டம் நமக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லே அந்தச் சரக்குக்கு அவர் தரும் உத்தரவாதம். பில் இருந்தால் விசாரணை அவரிடமும் போகும். பில் இல்லையென்றால் நம்மோடு நின்றுவிடும்.

கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்ததும், தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. அது துணிக்குப் போடும் சாயம். விற்றவர்களுக்கும் தெரியாது, வாங்கித் தின்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. நம் கடையில் மிட்டாய் வாங்குவதும் நம் தெருப் பிள்ளைகள்தானே!

கடையில் கவனிக்க வேண்டியவை

1. சின்னக் கடையாக இருந்தாலும் உணவு பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இணையதளம் மூலமாகத்தான் விண்ணப்பம். இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

2. பாக்கெட் சரக்கில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால், "வேண்டாங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுங்கள்.

3. பழைய சரக்கை முன்னால் வையுங்கள், புதியதைப் பின்னால் வையுங்கள். வாரம் ஒருநாள் தேதி பார்த்து, காலாவதியானதைத் தனிப் பெட்டியில் போட்டு "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வையுங்கள்.

4. சமையல் எண்ணெயை டின்னிலிருந்து அளந்து சில்லறையாக விற்கக் கூடாது. சமையலுக்கு விற்கும் உப்பு அயோடின் உப்பாக இருக்க வேண்டும்.

5. போண்டா, வடையை நியூஸ்பேப்பரில் மடிக்காதீர்கள். அச்சு மை உடம்புக்குள் போகும். வாழை இலை இருக்கவே இருக்கிறது.

6. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, சோப்பு இவற்றை உணவுப் பொருள் பக்கத்தில் வைக்கவே கூடாது. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். எலி, பூச்சி வராது, ஈரமும் ஏறாது.

அதிகாரி வந்தால்?

வந்தவர் யார் என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் தப்பில்லை. பிறகு கடையைப் பார்க்க விடுங்கள், மறைக்காதீர்கள். பரிசோதனைக்கு மாதிரி எடுத்தால் வழக்கமான விற்பனை விலையை அவர் நமக்குத் தர வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைத்து, நம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லி நாம் கேட்கலாம், செலவு நம்முடையது. அரசு ஆய்வகத்தின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

குறை இருந்தால் உடனே கடை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். முன்னேற்ற அறிவிப்பு என்று ஒரு நோட்டீஸ் உண்டு. அதில் என்ன குறை, எப்படிச் சரி செய்வது என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அக்காவுக்கும் அப்படி நோட்டீஸ் வந்தது. நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். கடை இன்றும் நடக்கிறது. இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கம்பி தொங்குகிறது, அதில் எல்லா பில்லும் குத்தி இருக்கிறது. "பில் இல்லாம ஒரு தீப்பெட்டி கூட வாங்க மாட்டேன் மேடம்" என்கிறார்!

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் யார் யார் கடை வைத்திருக்கிறார்கள், யார் பதிவு செய்யவில்லை என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். மசாலாத்தூள், கேழ்வரகு மாவு அரைத்து பாக்கெட் போடும் குழுக்களுக்கும் இது பொருந்தும். 2017-ல் தொடங்கிய பாஸ்டாக் உணவு பாதுகாப்புப் பயிற்சி நம் பகுதியில் எப்போது நடக்கிறது என்று நியமன அலுவலர் அலுவலகத்தில் கேட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து போய் வாருங்கள்.

கணக்கு நோட்டை எழுதக் கற்றுக்கொண்ட நமக்கு, பில்லைக் கம்பியில் குத்தி வைப்பது பெரிய வேலையா என்ன?