அலுவலகம் கட்ட மரம் ஆகுமா?

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பெரிய தேர் அசைந்து வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பல டன் எடையுள்ள அந்தத் தேரின் உடலில் பெரும்பகுதி மரம். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது மூட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுத்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இவ்வளவு பளுவைத் தாங்கும் பொருளைக்கொண்டு அதே ஊரில் ஓர் அரசு அலுவலகம் கட்டினால் என்ன? "சவ்வாது மலைக் காட்டை வெட்டச் சொல்கிறீரா?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

அரசுக்கும் இந்தக் கவலை இருந்தது. மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்த 1993-ஆம் ஆண்டு தடை விதித்தது. காடுகளைக் காப்பது நோக்கம். கதவு, சன்னல்களில் மரத்தின் இடத்தை இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிடித்துக்கொண்டன. 27 ஆண்டுகள் கழித்து, 2020-இல், அத்தடை நீக்கப்பட்டது. உழவர்கள் வளர்க்கும் மரத்துக்குச் சந்தை வேண்டும் என்பது ஒரு காரணம். மாற்றுப் பொருள்களைவிட மரம் சூழலுக்கு உகந்தது என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணம் சரிதானா என்று நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கன மீட்டர் மரம் 600 கிலோ இருப்பதாகக் கொண்டால், அதில் 300 கிலோ கார்பன். இவ்வளவு கார்பனைப் பெற மரம் காற்றிலிருந்து சுமார் 1,100 கிலோ கரியமில வாயுவை இழுத்திருக்க வேண்டும். உத்திரம் உத்திரமாக இருக்கும்வரை அது காற்றுக்குத் திரும்புவதில்லை. இரும்பின் கதை நேர்மாறானது. தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு செய்தால் இரண்டு டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகை போதாதென்று கல்லே கரியமில வாயுவை விடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வெட்டிய மரத்தின் இடத்தில் இன்னொன்று வளர வேண்டும். இயற்கைக் காட்டை வெட்டிவிட்டுப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஓர் ஆட்சியரே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் கலெக்டராக இருந்த கனோலி, கப்பல் கட்டும் தேக்குக்குத் தட்டுப்பாடு வருவதைக் கண்டு, 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார். அதை நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். அந்தத் தேக்குகள் சில இன்றும் அங்கே நிற்கின்றன.

தேக்குக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். நம் உழவர்கள் வயலில் நடுவதோ சவுக்கு, தைலமரம், மலைவேம்பு போன்றவை. சவுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து, சாரக் கம்பாகவும் விறகாகவும் காகிதக் கூழாகவும் போகிறது. விறகான மரத்தின் கார்பன் அடுப்பிலேயே காற்றுக்குத் திரும்பிவிடும். காகிதமும் நெடுநாள் தங்குவதில்லை. சிறு வயது மரத்திலிருந்து நீண்ட உத்திரம் அறுக்க முடியாதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பலகைகளை உலர்த்தி, கணுவும் வெடிப்பும் உள்ள பகுதிகளை நீக்கி, முனைகளை விரல் கோத்ததுபோல் இணைத்து, அடுக்கடுக்காகப் பசையிட்டு அழுத்தினால் எவ்வளவு நீளமான உத்திரமும் கிடைக்கும். நார்வேயில் 2019-இல் முடிந்த 18 மாடிக் கட்டடம் ஒன்று இத்தகைய உத்திரங்களால் நிற்கிறது. ஜப்பான், தாழ்வான அரசுக் கட்டடங்களை இயன்றவரை மரத்தால் கட்ட வேண்டும் என்று 2010-இல் சட்டமே இயற்றியது.

நமக்கு இது புதிதும் அன்று. பழைய தாலுகா கச்சேரிகளை அண்ணாந்து பாருங்கள். பெரிய தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிய சிறு செங்கற்கள், பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இதுதான் மெட்ராஸ் டெரஸ்.

தீப்பிடித்தால்? சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால், அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த கட்டடம், 2012 ஜனவரியில் எரிந்தது. மரக் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தடித்த உத்திரம் எரியும்போது நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கருகுகிறது. கரி உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வையாகிறது. பாதுகாப்பற்ற எஃகோ 550 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஏறக்குறையப் பாதி வலிமையை இழந்து வளைகிறது. எனவே, ஆட்கள் வெளியேறத் தேவையான நேரத்துக்கு எவ்வளவு கருகும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு உத்திரத்தைக் கூடுதல் தடிப்பாக வைக்கிறார்கள். மெல்லிய பலகைகளுக்கும் காகிதக் கட்டுகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது; ஆவண அறைக்குக் கல்லும் செங்கல்லுமே நல்லது. கலச மகால் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது!

தீயைவிட அடிக்கடி மரத்தைக் கெடுப்பவை ஈரமும் கரையானும். மரத்தில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உளுக்க வைக்கும் பூஞ்சணம் வளர முடியாது. திருவண்ணாமலையின் கோடையில் இது எளிது. வடகிழக்குப் பருவமழையில்தான் சோதனை. மரத்தூணைத் தரையில் நடாமல் கருங்கல் பீடத்தின்மேல் நிறுத்துவதும், சுவர் நனையாதபடி தாழ்வாரத்தை நீட்டுவதும் பாதி வேலையை முடித்துவிடும். அந்த ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருக்கும் மரத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஊட்டினால் கரையான் அண்டாது. மழைபடும் இடத்தில் அது கரைந்துபோகும்.

உத்திரத்தின் முனை சுவருக்குள் புதையும் இடந்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அங்கே காற்றுப் புகாது, கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் முனையைச் சுற்றி விரற்கடை இடைவெளி விட வேண்டும். கழிவறைக் குழாயை அதன்மேல் கொண்டுபோகக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் பொறியாளர் ஏணியில் ஏறிச் சிறு சுத்தியலால் ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மொத்தென்று சத்தமிடும்.