தூரத்து ஊரில் பழைய படகு வாங்குகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

தெலுக் இந்தான் வட்டாரத்தில் பேராக் ஆற்றில் உடாங் காலா பிடிக்கப் போகிறவர்களுக்கு என்றாவது ஒரு நாள் அந்த ஆசை வந்துவிடும். எத்தனை காலம்தான் படகுக்கு வாடகை கொடுப்பது, சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகு இருந்தால் என்ன? தோட்ட வேலை முடிந்து சேமநிதிப் பணம் கைக்கு வந்தவர்களும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் பிடிக்கும் தொழிற்சாலை இளைஞர்களும் முகநூலில் விலை தேட ஆரம்பிப்பது அப்படித்தான்.

என் நண்பர்கள் நால்வர் பங்கு போட்டு ஒரு படகு வாங்கினார்கள். கோலா பெசுட்டிலிருந்து விளம்பரம். 16 அடி ஃபைபர் படகு, 15 குதிரைசக்தி இயந்திரம், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து வெ.8,500. "நாளைக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார், வெ.1,000 போட்டால் உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்" என்றார் விற்பவர். அன்று இரவே போட்டுவிட்டார்கள். என்னிடம் சொன்னது அதற்குப் பிறகு.

அது மோசடி இல்லை. படகும் இருந்தது, ஆளும் இருந்தார். ஆனால் கெரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏறி இறங்கி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது, படகின் பின்பலகை சரியில்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போகலாம் என்றால் ஆயிரம் வெள்ளி போய்விடும், பெட்ரோல் செலவும் ஒரு நாள் சம்பளமும் போய்விடும். அந்த ஆயிரத்தைக் காப்பாற்ற மீதி ஏழாயிரத்து ஐந்நூறையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். தூரத்தில் வாங்கும்போது முன்பணம் செய்யும் வேலை இதுதான். படகு நம் கைக்கு வருவதற்கு முன்பே நம் கையைக் கட்டிவிடும்.

ஆகவே, பார்க்காத படகுக்கு ஒரு வெள்ளியும் அனுப்பாதீர்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு படகு பாருங்கள். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "நேரில் பார்த்துப் பிடிக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று புலனத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

பணம் போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்பதையும் கவனியுங்கள். விற்பவர் ஒரு பெயர் சொல்லி, கணக்கு வேறு பெயரில் இருந்தால் நிறுத்துங்கள். போலீஸ் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அதில் புகார் இல்லை என்பதாலேயே ஆள் நல்லவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "லோரியில் அனுப்புகிறேன், லோரிக் கூலியை மட்டும் முதலில் போடுங்கள்" என்பது பழகிப்போன வலை. ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு காணொளி அழைப்பு கேளுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்ததை அனுப்பச் சொல்லாதீர்கள், நேரலையாக இருக்க வேண்டும். முதலில் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டட்டும். பிறகு தாங்கியில் உள்ள வரிசை எண் தகடு, அதன் பிறகு படகின் அடிப்பகுதி. பத்து நிமிட வேலை. இதற்கே சாக்கு சொல்பவருக்காக நெடுஞ்சாலை ஏற வேண்டியதில்லை.

அடுத்து, நேரில் போகும் நாள். உங்களில் யாருக்கும் இயந்திரம் தெரியாது என்றால் அவ்வூரிலேயே அவுட்போர்டு பழுது பார்க்கும் ஒருவருக்குக் கூலி கொடுத்து வரச் சொல்லுங்கள். விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம், நீங்களே விசாரித்துப் பிடித்த ஆளாக இருக்கட்டும். இந்தக் கூலியை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு பெரிய தொகை கட்டுகிறார்கள்.

ஃபைபர் படகில் உயிர் நாடி, இயந்திரம் மாட்டும் பின்பலகை. வெளியே ஃபைபர் தெரியும், உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை உளுத்துப்போகும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். சோதிப்பது எளிது. ஒரு ஐம்பது காசு நாணயத்தையோ ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியையோ வைத்துப் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான ஓசை வரும், உளுத்த இடத்தில் 'தொப் தொப்' என்று அமுங்கும். பிறகு இயந்திரத்தின் கால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இயந்திரத்தோடு பலகையும் வளைந்தால் விலை பேசுவதையே நிறுத்திவிடலாம். படகின் தரையில் நடந்து பாருங்கள், பாதம் புதைவது போல் இருந்தால் அங்கேயும் அதே நோய்தான்.

இயந்திரத்துக்கு வருவோம். போனவுடன் அதன் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே ஒரு முறை ஓட்டி வைத்திருக்கிறார். ஆறிய இயந்திரம் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும், ஆகவே ஆறவிட்டுப் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் நன்றாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. கடலில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டதால் உள்வழிகளில் உப்பு அடைத்திருந்தால் அது பெரிய செலவு. எது என்று மெக்கானிக் சொல்லட்டும்.

கியர் எண்ணெயின் கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பால் ஊற்றிய கோப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சீல் போய்விட்டது. சிலிண்டர் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டுவது போதாது. பாரம் ஏற்றி ஆற்றிலோ கடலிலோ கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கிழக்குக்கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழைக் காலம், படகுகள் கரையேறிக் கிடக்கும், விலையும் இறங்கும். மலிவு என்று அப்போது ஓடினால் கடலில் ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. ஆற்று முகத்துவாரத்திலாவது இறக்கச் சொல்லுங்கள்.

படகும் இயந்திரமும் தனித்தனியாக வாங்குபவர்கள் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குட்டைக் கால் இயந்திரத்துக்கு ஏறக்குறைய 15 அங்குலம், நெட்டைக் காலுக்கு 20 அங்குலம். மாறிப் போனால் படகு ஓடும்போது விசிறி காற்றை இழுக்கும், அல்லது கால் ஆற்றின் அடியைத் தொடும்.

வரிசை எண் தகடு சுரண்டப்பட்டிருந்தால் அந்த இயந்திரம் வேண்டாம். மீனவர் கிராமங்களில் அவுட்போர்டு திருட்டு புதிதல்ல. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, உரிமையாளர் அல்லாதவர் விற்றால் பொதுவாக வாங்கியவருக்கு உரிமை வராது. உண்மையான சொந்தக்காரர் வந்தால் பொருளும் போகும், பணமும் போகும். முதல் ரசீது கேளுங்கள். இல்லை என்றால் முந்தைய உரிமையாளரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

மீன்பிடிப் படகாக எண் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல். அந்த உரிமம் மீன்வளத் துறை குறிப்பிட்ட ஒருவருக்குக் கொடுத்தது. படகை வாங்கினால் உரிமம் தானாகக் கூட வராது, மாற்றத்துக்குத் துறையின் ஒப்புதல் வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்பவரை நம்பாதீர்கள். பொழுதுபோக்குப் படகு என்றால் கடல்துறை அலுவலகத்திலும், ஏரி, ஆறு என்றால் உங்கள் மாநிலத்தில் பொறுப்புள்ள அலுவலகத்திலும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ட்ரெய்லருக்கு ஜேபிஜே பதிவு உள்ளதா என்றும் பாருங்கள். நெடுஞ்சாலையில் பிடித்தால் சம்மன் இழுத்து வருபவருக்குத்தான்.

பணம் கைமாறும்போது ஒரு தாளில் இருவரின் பெயர், அடையாள அட்டை எண், படகின் எண், இயந்திரத்தின் வரிசை எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று நினைக்கலாம். அங்கே வெ.50,000 வரை கோரலாம் என்பது உண்மை, ஆனால் அது வியாபாரிகளுக்கு எதிரான புகார்களுக்கு. தன் பழைய படகை விற்கும் தனிமனிதரை அங்கே இழுக்க முடியாது. அதனால்தான் இந்தத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

என் நண்பர்களின் படகில் மூன்றாம் மாதம் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் கண்டது. பின்பலகையை வெட்டி எடுத்து மாற்றினார்கள், அதற்கும் நால்வரும் பங்கு போட்டார்கள். இப்போது படகு நன்றாகத்தான் ஓடுகிறது. இயந்திரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் கழற்றி, அவர்களில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பூட்டுகிறார்கள்.