அபராதம் யாருக்கு?

வாலாஜாபாத்தில் காலையிலே பேருந்து ஏறிக் காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் படிக்கச் செல்லும் பிள்ளைகளின் பையில், புத்தகம் இரண்டு இருக்கிறதோ இல்லையோ, கைபேசி ஒன்று கட்டாயம் இருக்கும். கூலிக்குத் தறி நெய்யும் தகப்பனோ, ஒரகடத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாய் நிற்கும் அண்ணனோ தவணை கட்டி வாங்கித் தந்த கைபேசி! வகுப்பிலே அதை எடுத்தான் என்று பறித்து வைத்துக்கொண்டு, 'கட்டு அபராதம்' என்று உறுமும் கல்லூரி நிர்வாகங்களை நாம் கேட்கிறோம்: அபராதம் யாருக்கு? பையனுக்கா, தறிக்காரனுக்கா?

பாடம் நடக்கையில் படம் பார்ப்பதை நாம் ஆதரிக்கவில்லை, தோழர்களே! ஆசிரியர் தொண்டை வறளப் பேச, மேசைக்கடியில் விரலோட்டிக் கொண்டிருப்பது, வயிற்றைக் கட்டிப் பணம் கட்டும் பெற்றோருக்குச் செய்யும் துரோகமே. கற்பதற்குத் துணை செய்தாலொழிய இக்கருவிகளுக்கு வகுப்பில் இடமில்லை என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கையும் எச்சரித்தது.

ஆனால் வெறும் தடை என்ன சாதித்தது? 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளிலே ஜீன்சுக்கும் கைபேசிக்கும் சேர்த்தே தடை போட்டது. பதினைந்தாண்டு சென்றது. கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் பூட்டப்பட்டன. எதைத் தொடாதே என்றார்களோ, அதுவே வகுப்பறையாகி, கரும்பலகையாகி, வருகைப் பதிவேடுமாகிவிட்டது! 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையம் இலவசம் என்று தமிழக அரசே அறிவித்தது.

கேரளத்திலே, கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி விடுதியொன்றில், மாலை 6 மணி முதல் 10 மணி வரை கைபேசியைத் தொடக்கூடாது என்றனர். ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். வழக்காடினார். இணையத்தை அடைவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைத் திரும்பச் சேர்க்கவும் ஆணையிட்டது. அது விடுதி, வகுப்பறையல்ல என்பார்கள். மெய்தான். ஆனால் ஒழுங்கின் பெயரால் அறிவின் வாசலை அடைக்க முடியாதென்பது இரண்டுக்கும் பொதுவல்லவா?

பாடவேளையில் கருவி அணைந்து பையில் கிடக்கட்டும். ஆசிரியர் எடுக்கச் சொல்லும்போது எல்லோரும் எடுக்கட்டும். இல்லாத வீட்டுப் பிள்ளை கூனிக்குறுகாதபடி கல்லூரி தன் கணினி அறையைத் திறந்து வைக்கட்டும். விதியை ஆசிரியரும் மாணவரும் கூடி எழுதட்டும். இருவருக்குமே அது பொருந்தட்டும். (அழைப்பு வந்ததும் பாடத்தை விட்டு வராந்தாவுக்கு நடக்கும் விரிவுரையாளர்களையும் நாம் அறிவோம்!) வாங்கி வைத்ததை அன்று மாலையே, காசு கேளாமல், திருப்பித் தரவேண்டும். கைபேசி முதல்வர் அறைப் பூட்டுக்குள் கிடக்க, பொழுது சாய்ந்த பின் வாலாஜாபாத் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்பிள்ளை, "வண்டி வரலேப்பா" என்று வீட்டுக்குச் சொல்ல வேறென்ன வழி வைத்திருக்கிறீர்கள்?