எருமைக் கன்றுக்குக் குடற்புழு மருந்து: எது, எப்போது?

எருமைக் கன்றின் உருண்டைப்புழுவுக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்கும் கோட்டைப்பட்டினத்துக்காரர் முதலில் சொல்லவேண்டியது கன்றின் வயதை. டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற இந்தப் புழு வளர்ந்தால் ஒரு அடி நீளம்கூட வரும். தாயின் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் குஞ்சுப்புழுக்கள் கன்று ஈன்றதும் சீம்பாலிலும் பாலிலும் இறங்கிக் கன்றின் குடலுக்குப் போகின்றன. அதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடாதீர்கள்; நோய் எதிர்ப்புச் சக்தியே கன்றுக்கு அதில்தான் கிடைக்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் புழு முட்டையிடத் தொடங்கும். களிமண் நிறத்தில் நாற்றக் கழிச்சல், ஊதிய வயிறு, பொலிவற்ற ரோமம் எல்லாம் அதையொட்டி வருபவை.

நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் எருமைகளிடம் ராபர்ட்ஸ் என்பவர் செய்த ஆய்வு 1989-ல் வெளியானது. பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் ஒரே ஒரு முறை பைரண்டல் கொடுப்பது அவர் சொன்ன வழி. பால் வழி வரவேண்டிய புழு அநேகமாக வந்து முடிந்திருக்கும், முட்டையிடவும் தொடங்கியிருக்காது. கணக்கு அவ்வளவுதான்.

இந்த வயதில் பைபரசின் பின்தங்குகிறது. விலை மலிவு, ஆபத்தும் குறைவு. ஆனால் வளர்ந்த புழுவைத்தான் அது நன்றாக வீழ்த்தும். இளம்புழு தப்பிவிடுவதால் மறுபடி கொடுக்க நேரும். லெவமிசோல் இளம்புழுவையும் பிடிக்கும். அளவு கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், அதாவது 30 கிலோ கன்றுக்கு 225 மில்லிகிராம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றினால் சிக்கல்: அளவு மீறினால் எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும். பென்பெண்டசோல் புழுவை மெதுவாகப் பட்டினி போட்டுக் கொல்கிறது. அளவு சற்றுக் கூடினாலும் கன்று தாங்கும். பைரண்டல் கிடைக்காத இடத்தில் என் தேர்வு இதுதான். ஐவர்மெக்டின் ஊசி பேனுக்கும் கேட்கும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் இந்தப் புழுவிடம் எல்லா ஆய்விலும் அது ஒரே மாதிரி பலன் காட்டவில்லை.

சினை எருமைக்கு வழக்கமான மருந்து கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. உறங்கும் குஞ்சுப்புழுவை அது முழுதாக அழிப்பதில்லை. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

ஆகவே கன்று ஈன்ற தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பத்தாம் நாள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், எடை பார்த்து மருந்து வாங்குங்கள். கழிச்சல் தொடங்கிவிட்ட கன்றென்றால் புதுச் சாணத்தையும் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.