உங்களுக்குத் தெரியுமா? பைக்கில் லித்தியம் பேட்டரி

பைக்குக்கு விற்கும் 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1990-களில் கண்டறிந்த மின்முனைப் பொருள் இது. 2019-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். கோபால்ட் வகையைவிட இது சூட்டை நன்றாகத் தாங்கும். அந்தத் தெம்பில் சார்ஜிங் பக்கம் கவனிக்காமல் விடுகிறோமே, வினை அங்கேதான்.

◆ ஈய பேட்டரிக்குள் ஆறு செல், இதில் நான்கே. ஒரு செல்லுக்கு உச்சம் சுமார் 3.65 வோல்ட். நான்குக்கும் சேர்த்து 14.6.

◆ மேக்னெட் காயிலில் பிறக்கும் மின்சாரத்தை அடக்கி பேட்டரிக்கு அனுப்புவது ரெக்டிஃபையர். அது பழுதானால் 16, 17 வோல்ட்கூட ஏறலாம். ஈய பேட்டரி தன் தண்ணீரை வாயுவாக இழந்து கொஞ்ச நாள் சமாளிக்கும். லித்தியத்தில் இழக்கத் தண்ணீர் இல்லை. செல் சூடேறி உப்பும். உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் பேட்டரியைத் துண்டித்துவிடும். ஓடும் வண்டியில் அப்படித் துண்டிக்கும்போது வோல்டேஜ் எகிறி இசியூவும் மீட்டரும் கருகலாம். அதனால் பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன்பே மெக்கானிக்கிடம், மல்டிமீட்டரை வண்டியில் இப்போதுள்ள பேட்டரியின் முனைகளில் வைத்து, ஐடிலிங்கில் ஒருமுறை, 5,000 ஆர்பிஎம் வரை முறுக்கி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 13.5-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 14.6-ஐத் தாண்டினால் முதலில் மாற்ற வேண்டியது ரெக்டிஃபையர். பழைய வண்டிக்காரர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

◆ மேலே 12 ஆம்பியர் அவர் என்று எழுதிய சில பேட்டரிகளுக்குள் உண்மையில் இருப்பது 4 மட்டுமே! செல்ஃப் எடுக்கும் திறனில் 12-க்கு ஈடு என்பதே அந்த எண்ணுக்குப் பொருள். ஜிபிஎஸ் கருவி 20 மில்லிஆம்பியர் இழுத்தால், நிறுத்திய வண்டியில் 4 ஆம்பியர் அவர் எட்டே நாளில் காலி. அடியோடு காலியான லித்தியம் செல் பெரும்பாலும் பழையபடி மீளாது. ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

◆ ஈய பேட்டரி சார்ஜர்கள் சிலவற்றில் சல்பேட் படிவைக் கரைக்க உயர் வோல்டேஜ் துடிப்பு அனுப்பும் வசதி உண்டு. லித்தியத்துக்கு அது ஆகாது. லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜரை வாங்குங்கள்.

◆ குளிர்கால ஊட்டி விடியலில் செல்ஃப் இழுக்கவில்லையா? ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிடுங்கள். மின்சாரம் ஓட ஓட செல் சூடாகும், அடுத்த முறை உயிர் வரும். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகவே படிந்து நிரந்தரச் சேதம் செய்யும். லடாக் போகிறவர்கள் கவனிக்க.

◆ உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் ஏற்றவும் கூடாது. கழற்றி, வீட்டுக்கு வெளியே எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.